உப்புப் படிந்த கண்ணாடி

அன்புள்ள தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்தே தெரிந்துகொண்டேன். நாங்கள் சுகம் என்பதை நீயும் பார்த்தாய். ஆகவே கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதுகிற அந்த நாலு வரியை விட்டுவிடுகிறேன். நீ கேட்டது ஒரு பெட்டியின் அளவு. செடிக்கு மேலே தொங்கவிட்ட அந்த லைட் பெட்டியின் நீளம், அகலம், காற்றுப் போகிற ஓட்டையின் அளவு. கனடாக் குளிரில் வீட்டின் நிலவறைக்குள் கறிவேப்பிலை வளர்க்கப் போகிறாயாம். யாரோ கழற்றிப் போட்ட பெரிய மஞ்சள் லைட் ஒன்றும் கிடைத்துவிட்டதாம். அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும், படம் எடுத்து அனுப்பினால் என் வேலை முடிந்தது. ஆனால் கேட்டதோடு நீ நிறுத்தவில்லை. "பெட்டியை நான் செய்வன் அப்பா. கண்டு நடுறது, தண்ணி விடுறது எல்லாம் அவதான். எனக்குத்தான் கைராசி இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாய். பின்னால் நின்ற உன் மனைவியும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் உனக்குக் கைராசி இல்லை என்று சொன்னவன் நான். சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் பன்னிரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான். அளவுகளும் வரும், பொறு. அதற்கு முதல் இதைச் சொல்லித் தீர்க்க வேண்டும்.

அப்போது உனக்கு இருபது வயது. உயர்தரப் பரீட்சையில் கம்பஸுக்குரிய வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போய் நீ வீட்டில் இருந்தாய். உன் கூட்டாளி நிஸாம், குறிஞ்சாக்கேணிப் பொடியன், உப்புவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தான். வெள்ளைக்காரர் சாப்பிடுகிற சலாது இலை நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் வாடிப் போகிறது, இங்கேயே யாராவது வளர்த்துத் தந்தால் கையோடு வாங்குவோம் என்று அவன்தான் உன் காதில் போட்டான். நீ அன்றைக்கே விதை தேடிப் புறப்பட்டுவிட்டாய். முற்றத்தில் வைத்தாய். நம்முடைய வெயிலும் மணலும் போதாது என்று ஊருக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களும் இருக்கின்றன அல்லவா? ஒரே காலையில் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டு, அம்மாவின் செவ்வரத்தையையும் மொட்டையடித்துவிட்டு, கேற்றடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அம்மா விளக்குமாற்றோடு ஓடினாள். நீ மட்டும் கதிரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாய். பின்னறைக்குள் வளர்க்கலாம் என்ற எண்ணம் அந்தக் கதிரையில்தான் பிறந்தது.

நான் ஐஸ் பக்டரியில் இருபத்தெட்டு வருஷம் மெஷின் பார்த்தவன். துறைமுகத்து மீன் எல்லாம் என் ஐஸில்தான் கொழும்பு போகிறது என்று எனக்கொரு நினைப்பு. அந்த நேரம் பக்டரி முற்றத்தில் இருந்த பெரிய மஞ்சள் லைட்டுகளைக் கழற்றிவிட்டுப் புது லைட் போட்டார்கள். கழித்ததில் ஒன்றை மனேஜரிடம் கேட்டு வாங்கிவந்து உன்னிடம் தந்தேன். நீ அதை வெறுமனே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாய். அரை நாளில் இலை கருகி, அறை பாண் சுடுகிற போறணை மாதிரிக் கொதித்தது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எங்கேயோ வாசித்துவிட்டு வந்து, காகிதத்தில் படம் கீறி, குசினி மேசையில் எனக்கு முன்னால் வைத்தாய். "அப்பா, லைட்டை ஒரு தகரப் பெட்டிக்குள்ள அடைச்சு, கீழ கண்ணாடி போடுவம். பெட்டியின்ர ஒரு பக்கத்தால வெளிக்காத்து உள்ள வரட்டும், மற்றப் பக்கத்தால காத்தாடி ஒண்டு வைச்சு இழுத்து வெளிய விடுவம். சூடு காத்தோட போயிடும். செடிக்கு வெளிச்சம் மட்டும்தான் வரும்." நான் தேத்தண்ணியைக் குடித்தேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை என்று உனக்குத் தெரியும்.

அந்த மூன்று சனிக்கிழமைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பின்கதவைத் திறந்துவிட்டு, துறைமுகத்துத் தண்ணீர் பளபளக்க, நீயும் நானும் நிலத்தில் குந்தியிருந்து தகரம் வெட்டினோம். நீ கோடு போடுவாய், நான் வெட்டுவேன். நீ ஓட்டை போடுவாய், நான் ரிவெட் அடிப்பேன். உள்ளே வெளிச்சம் தெறிக்க வேண்டும் என்று அலுமினியத் தகடு வைத்தாய். அம்மா எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, இதென்ன, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியோ?" என்று கேட்டாள். "இல்லையம்மா, அப்பாவைக் குளிர வைக்கிற பெட்டி" என்றாய் நீ. முதலில் போட்ட ஜன்னல் கண்ணாடி சூட்டில் இரண்டாகப் பிளந்தது. பிறகு நிஸாம் தன் வாப்பாவின் பேக்கரியில் பழைய அடுப்புக் கதவின் கண்ணாடியைக் கழற்றி, சாரத்தில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தான். வந்திறங்கியவனுக்குக் கை விறைத்துப் போயிருந்தது, ஆனால் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அன்று மத்தியானம் நாலு பேரும் ஒன்றாக இருந்து கணவாய்க் கறியும் சோறும் சாப்பிட்டோம். நான் உன்னோடு அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் இருந்தது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

சண்டையில்லாமல் என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மையில்லை. இரண்டு விஷயத்தில் நீ ஒன்று சொன்னாய், நான் வேறொன்று செய்தேன். முதலாவது கண்ணாடி. "கழட்டித் துடைக்கிற மாதிரிப் பூட்டுவம் அப்பா" என்றாய். நான் சிலிக்கனை எடுத்துச் சுற்றிவர இறுக்கி ஒட்டினேன். ஐஸ் பக்டரிக்காரனுக்கு ஒரே ஒரு பயம்தான், கசிவு. அமோனியா கசிந்து, கண் எரிந்து, சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நான். ஒரு இடுக்கைக் கண்டால் அடைக்க வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. உன் பெட்டிக்குள் இருந்தது வெறும் காற்று என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது, காற்று எடுக்கிற பக்கம். நீ தெருவுக்குப் போகிற ஒழுங்கைப் பக்கம் என்றாய். நான் துறைமுகப் பக்கம் குழாயை விட்டேன். "கடல் காத்து குளிர்ச்சியடா, குளிரைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்காதை" என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ விட்டுக்கொடுத்துவிட்டாய். வயதுக்கு மூத்தவன் குரலை உயர்த்தினால் நம் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் விளைச்சல் எப்படி இருந்தது! சுருண்ட, பச்சையான, தண்ணீர் தெறிக்கிற இலை. நிஸாம் கூடையில் அடுக்கிக் கொண்டுபோனான், ஹோட்டல் பெரிய குக் இன்னும் வேண்டும் என்றாராம். நீ அன்று வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாய். அந்த வாரம்தான் விவசாயக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பத் தொடங்கினாய் என்று பிறகு அறிந்தேன். இரண்டாவது தடவை இலை கொஞ்சம் வெளிறியது. மூன்றாவது தடவை தண்டு நூல் மாதிரி நீண்டு சரிந்து விழுந்தது. நீ போடுகிற பசளையை மாற்றினாய், தண்ணீரைக் குறைத்தாய், கூட்டினாய், மண்ணை மாற்றினாய். கதவைச் சாத்திக்கொண்டு தட்டுகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் இருந்தாய். ஒரு தடவை "அப்பா, வெளிச்சம் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு" என்று கூடச் சொன்னாய். நான் மேலே பார்த்தேன். எரிகிற லைட்டை யாரால் நேரே பார்க்க ஏலும்? கண் கூசியது. "இதுக்குமேல என்னடா வெளிச்சம் வேணும்?" என்றேன்.

பிறகு அந்த நாள். வெருகலிலிருந்து உன் மாமா, அம்மாவின் தமையன், தயிர்ச் சட்டியோடு வந்திருந்தார். பக்டரியில் அன்று எனக்கும் மனேஜருக்கும் வாக்குவாதம். அந்தக் கோபம் தீராமல் வீட்டுக்கு வந்தேன். மாமா சும்மா ஊர்க் கதைக்கு, "மருமகன்ர தோட்டம் எப்பிடி?" என்று கேட்டார். நான் பின்னறைக்குப் போய் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க முற்றத்தில் கவிழ்த்தேன். கேற்றடியில் நின்ற மான் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "பாருங்கோ, மான் கூடத் தொடுதில்லை" என்றேன். உன் பக்கம் திரும்பி, "உனக்குக் கைராசி இல்லையடா. நீ தொட்ட ஒண்டும் தழைக்காது" என்றேன். மாமா நிலத்தைப் பார்த்தார். நீ முற்றத்தில் இறங்கினாய். தட்டை எடுத்தாய், கிணற்றடியில் கழுவினாய், துடைத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினாய். நீ எதிர்த்துப் பேசியிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நீ இந்த வீட்டில் இருந்தாய். கொழும்பில் கம்ப்யூட்டர் வகுப்பு என்றாய், நல்லது என்றேன். போகிற காலையில் பின்னறையில் நீ குனிந்திருப்பதைக் கண்டேன். ஒரே ஒரு தட்டில் மண் நிரப்பி விதை போட்டுக்கொண்டிருந்தாய். "போற நேரத்தில இதென்ன வேலை?" என்று கேட்டேன். "விதை கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது அப்பா. எறிய மனம் வரேல்ல" என்றாய். கையைக் கழுவிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

அதே வாரம், லைட்டைக் கழற்றி வைத்துவிடுவோம் என்று பெட்டியை இறக்கினேன். விளக்கு அணைந்து, ஆறி, முதல் தடவையாகக் கண்ணாடி என் முகத்துக்கு நேரே நின்றது. உள்ளே இருந்த லைட் தெரியவில்லை, தம்பி. பால் ஊற்றினது போல வெள்ளை. கத்தியால் சிலிக்கனை வெட்டிக் கண்ணாடியைக் கழற்றி, உள்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நான் குளிர்ச்சி என்று பிடித்துவிட்ட கடல் காற்று மாதக் கணக்காகச் சூட்டுக் கண்ணாடியில் உப்பையும் புழுதியையும் அப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. துடைக்க வழியில்லாமல் அடைத்தவனும் நான். உன் செடிகள் வெளிச்சம் தேடித்தான் அப்படி நீண்டு நீண்டு விழுந்திருக்கின்றன. நீ பசளையையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி உன்னிலேயே பிழை தேடிக்கொண்டிருந்திருக்கிறாய்.

கண்ணாடியை வினாகிரி போட்டுத் துடைத்தேன். குழாயை ஒழுங்கைப் பக்கம், நீ சொன்ன பக்கமே திருப்பினேன். கண்ணாடியை ஒட்டாமல் பூட்டி, பெட்டியைத் திரும்பத் தொங்கவிட்டேன். உன் தட்டில் முளை கண்டிருந்தது. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தட்டு தழைத்த மாதிரி அந்த அறையில் எதுவும் தழைத்ததில்லை, உன் முதல் விளைச்சல் கூட இவ்வளவு வரவில்லை. அம்மா வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் விட்டுச் சம்பல் போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். "உங்கட கைராசிதான்" என்றாள். நான் மென்றுகொண்டிருந்தேன். நானே விதைத்தது என்று எண்ணி அவள் அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். அன்றைக்கே போனில் உனக்கும் சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "அப்பான்ர கையெல்லோ அம்மா" என்றாய். ஒரு துளி பொறாமை இல்லாமல் சொன்னாய். அந்தப் போனை வாங்கி நாலு சொல்லுச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பிள்ளைக்கு இப்போதுதான் கொழும்பு பிடித்திருக்கிறது, குழப்பக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. மகனிடம் பிழை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பாதி நிரப்பிய விவசாயக் கல்லூரி விண்ணப்பத்தை அடுத்த வருஷம் அம்மா அலுமாரி லாச்சிக்குள் கண்டெடுத்தாள். "இதென்ன, விட்டுப்போட்டுப் போயிட்டான்" என்றாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே நான் அந்த லாச்சியைத் திறப்பதில்லை.

உன் கலியாணத்திலாவது சொல்லியிருக்கலாம். கன்னிக்கால் நட்ட காலை ஞாபகம் இருக்கிறதா? தளிர்க்க வேண்டிய முருக்கந்தடியை மாமா பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் பாலும் தண்ணீருமாகச் செம்போடு சுற்றி நின்றார்கள். "மாப்பிள்ளையும் ஒரு கை மண் போடட்டும்" என்றார் மாமா. நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐயோ, என்ர கை வேண்டாம் மாமா, தடி காய்ஞ்சிடும்" என்றாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா மட்டும் என்னைப் பார்த்தார். தயிர்ச் சட்டியோடு வந்த அந்த நாளை அவர் மறக்கவில்லை. நான் மாலையைச் சரி செய்கிறவன் மாதிரி வேறு பக்கம் திரும்பிவிட்டேன். பத்து வருஷத்துக்கு முதல் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லை, நல்ல நாளிலும் நீ பகிடியாகச் சுமந்துகொண்டு நிற்கிறாய். அதைக் கண்ணால் கண்டும் நான் பேசவில்லை. என் பிழைகளிலெல்லாம் பெரியது அதுதான்.

இந்தத் திங்கட்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப அண்டைக்கு நான் திண்டது பிள்ளை விதைச்சதோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "பன்ரெண்டு வருஷமா உங்களுக்கு வாய் வரேல்லையோ?" என்றாள். இப்போதே போன் எடுத்துச் சொல்லிவிடுகிறேன் என்று எழும்பினேன். "வேண்டாம். போனில சொன்னா, பரவாயில்லை அப்பா எண்டு சிரிச்சுப்போட்டு வைச்சிடுவான். எழுதுங்கோ. எழுதினா வைச்சிருந்து திருப்பி வாசிப்பான்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

சரி, அளவு எழுதிக்கொள். நீளம் இரண்டு அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் எட்டு அங்குலம். இரண்டு முனையிலும் ஆறு அங்குல ஓட்டை. காற்றாடியைக் காற்று வெளியே போகிற முனையில் வை. காற்றைத் தள்ளாமல் இழுக்கட்டும். லைட்டுக்குப் போகிற மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற சோக், பெட்டிக்கு வெளியே, தண்ணீர் படாத இடத்தில் இருக்க வேண்டும். வயர் வேலையை அங்கே அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு செய்வி. ஜன்னல் கண்ணாடி போடாதே, அடுப்புக் கதவுக் கண்ணாடி மாதிரிச் சூடு தாங்குவது வேண்டும். நாங்கள் சூட்டை வெளியே துரத்தினோம், நீ குளிர் நாட்டில் இருக்கிறாய். அந்தச் சூட்டை வீட்டுக்குள்ளேயே விடு, மருமகளுக்குக் கால் விறைக்காது. கண்ணாடியை ஒரு பக்கம் கதவுக்குப் போடுகிற பிணைச்சலில் பூட்டு, மறுபக்கம் கையால் திருகிக் கழற்றக்கூடிய நட் போடு. சிலிக்கன் பக்கமே போகாதே. வாரம் ஒரு தடவை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, கண்ணாடியை இறக்கித் துடை. அங்கே உப்பு வராது, ஆனாலும் துடை. செடி வாடினால் முதலில் கண்ணாடியைப் பார், பிறகு உன்னைக் குறை சொல்லு. உனக்குப் பிள்ளை பிறந்து, அது செய்வது ஏதாவது பிழைத்துப்போனாலும் வாய் திறக்க முதல் அதையே செய். நான் செய்யவில்லை. மன்னித்துக்கொள் தம்பி.

கறிவேப்பிலைக் கண்டை நீயே நடு. மருமகள் தண்ணீர் விடட்டும், நடுகிற கை உன்னுடையதாக இருக்கட்டும்.

இதை மடித்து உறையில் போடுகிற நேரம் அம்மா குசினியிலிருந்து வந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் நீளமான கதை இதுதான். கீழே சேர்த்து எழுதச் சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன்: "அண்டைக்குச் சாப்பிட்ட கீரை நல்ல ருசி ராசா. ஆரிட்டச் சொல்ல வேணும் எண்டு தெரியாமல் அப்பாட்டச் சொல்லிப்போட்டன்."

இப்படிக்கு,
அப்பா